ஒப்பனை அறை – 9: நடக்கத் தெரியாதவர்கள்

போன வாரம், சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி எழுதியிருந்தேன். இதழ் கடைக்கு வந்த மூன்றாம் நாள் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறாராம். பையன் பி.காம். கடைசி வருஷம்.

“அவன் மேற்கொண்டு நாடகம் படிக்கணும்ங்கிறான் சார். நாடகத்தைப் போய்க் காலேஜ்ல படிக்க அப்படி என்ன இருக்கு? நடிக்க வந்தா நடிக்க வேண்டியதுதானே?”

நியாயமான கேள்வி. என் அப்பாவும் இதையேதான் கேட்டார். என்ன, அவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. முதல் வகுப்பு முடிந்தபோது கொஞ்சம் தெரிந்தது. மேஜை, நாற்காலி எதுவும் இல்லாத நீளமான கூடம். பதினொரு பேர் சுவரோரம் நின்றோம். ஆசிரியர் வந்தார், தரையில் உட்கார்ந்தார், “ஒவ்வொருத்தரா இந்தச் செவுத்துலருந்து அந்தச் செவுத்துக்கு நடங்க” என்றார். அவ்வளவுதான் பாடம். ஒருவன் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நடந்தான். ஒருத்தி துப்பட்டாவை மூன்று முறை சரிசெய்தாள். நான் சிவாஜி மாதிரி நடந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, மற்றவர்கள் சிரித்ததில் தெரிந்தது. ஒரு வாரம் இதே கூத்து. ஏழாம் நாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “உன் வலது தோள் இடதைவிட அரை அங்குலம் தூக்கலா இருக்கு. ஸ்கூல் பையை அந்தத் தோள்லயே மாட்டினியா?” என்றார். ஆமாம். பன்னிரண்டு வருஷம். ராஜாவாக நடித்தாலும் பிச்சைக்காரனாக நடித்தாலும் அந்தப் பை என் தோளில் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

நடிப்புப் பயிற்சி என்றால் உடம்பில் ஏதோ ஒன்றைப் புதிதாக ஏற்றுவார்கள் என்று நினைத்துப் போனேன். முதல் ஆறு மாதம் இறக்கிவைக்கிற வேலைதான் நடந்தது.

குரலுக்கும் அப்படித்தான். மல்லாக்கப் படுத்து வயிற்றின்மேல் தடிமனான புத்தகம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை இழுத்தால் புத்தகம் எழும்ப வேண்டும், நெஞ்சு எழும்பக் கூடாது. தொண்டையால் கத்துகிறவனுக்கு இரண்டாம் காட்சியிலேயே குரல் கட்டிக்கொள்ளும். மைக் வராத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் பாடி நின்ற ராஜபார்ட்டுகளுக்கு இது யாரும் சொல்லாமலே கைவந்திருந்தது. அவர்கள் விடியற்காலையில் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து சம்பாதித்ததை நாங்கள் தரையில் படுத்துச் சம்பாதித்தோம்.

ஏட்டுப் படிப்பும் உண்டு. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் நான்கு அபிநயங்கள்: ஆங்கிகம், வாசிகம், ஆகார்யம், சாத்விகம். தேர்வுத்தாளில் எழுத ஐந்து நிமிஷம் போதும். நான்காவதை மேடையில் கொண்டுவர ஆயுள் போதாது. அப்புறம் ருஷ்யாவின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, ஜெர்மனியின் பிரெக்ட். முன்னவர் பாத்திரத்துக்குள் போ என்கிறார். பின்னவர், பார்ப்பது நாடகம் என்பதைப் பார்க்கிறவன் மறந்துவிடக் கூடாது என்கிறார். இரண்டையும் ஒரே பருவத்தில் படித்துத் தலை சுற்றிக் கிடந்தபோது வடாற்காட்டுப் பக்கத்து நண்பன் ஒருவன் சொன்னான்: “இதுல என்னடா குழப்பம்? எங்க ஊர்க் கூத்துல துரியோதனன் அழுதா சனமும் அழும். பக்கத்துலயே கட்டியங்காரன் நின்னுக்கிட்டு அவனைக் கிண்டலும் பண்ணுவான்.” வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்த வாரம் முழுக்க அவன்தான் எங்களுக்குப் பேராசிரியர். ஊரில் கூத்தாடி வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்லக் கூசிக்கொண்டிருந்தவன் அவன்.

கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னது வேறு. “அண்ணே, முதல்ல கூட்டிப் பெருக்கணும்.”

வேடிக்கைக்குச் சொன்னதல்ல. தில்லியில் 1959-ல் தேசிய நாடகப் பள்ளி தொடங்கியது. 1962-ல் இப்ராஹிம் அல்காசி அதன் இயக்குநராக வந்தார். லண்டனில் ராயல் அகாதமியில் நாடகம் படித்தவர். கோட்டு, ஒழுங்கு, நேரம் என்று இருந்தவர். அப்படிப்பட்டவர் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவற்றில் கழிப்பறை கழுவுவதும் ஒன்று. தானே கழுவிக் காட்டினார் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். நஸிருதீன் ஷாவும் ஓம் புரியும் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். மேடைக்கு வருகிற நடிகனின் காலில் ஆணி குத்தாமல் இருக்கிறதென்றால், முன்னால் ஒருவன் குனிந்து பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். நாடகப் படிப்பில் பாதி இதுதான்: படுதா கட்டுவது, விளக்குக்கு வண்ணத்தாள் செருகுவது, யாருடைய வாள் எந்தப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று பட்டியல் எழுதுவது. இரண்டு வருஷத்தில் நான் ஏறி நடித்த மேடைகளைவிட இறங்கித் தூக்கிய பலகைகள் அதிகம்.

அல்காசியிடம் படித்துத் தமிழுக்குத் திரும்பியவர் சே. ராமானுஜம். நாங்குநேரிக்காரர். ஜி. சங்கரப்பிள்ளை திருச்சூரில் உருவாக்கிய நாடகப் பள்ளியிலும் பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். திண்டுக்கல்காரருக்கு ஒரு செய்தி: உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே வந்துவிடும் காந்திகிராமத்தில் 1977-ல் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை, நவீன நாடகம் என்று இன்று நாம் சொல்கிறதற்கு ஒரு தொடக்கப் புள்ளி. ராமானுஜத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஹார்டுவேர் வாங்க வந்தவர்கள் யாரும் இதைக் கடைக்காரரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புதுச்சேரிக் கதை இன்னும் சுவையானது. அங்கே பல்கலைக்கழகம் 1985-ல் வந்தது. நாடகப் பள்ளி 1988-ல். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதைக் கட்டியெழுப்பினார். பள்ளிக்கு வைத்த பெயர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளுடையது. சுவாமிகள் 1922-ல் காலமானது புதுச்சேரியில்; அடக்கம் கருவடிக்குப்பத்தில். ஆகப் பெயர் பொருத்தம்தான். ஆனால் பெயருக்கு உரியவரின் பள்ளிக்கூடமே வேறு மாதிரி. 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் பையன்களுக்கு அவர்தான் வாத்தியார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சின்னஞ்சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவனான சிறுவன் சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் பாட்டும் வசனமுமாகச் சுவாமிகள் எழுதி முடித்ததை அந்தச் சண்முகமே தன் வாழ்க்கை வரலாற்றில் பதிந்திருக்கிறார். வாத்தியார் சொன்னார், பையன்கள் நெட்டுருப் போட்டார்கள். ஏன் என்று கேட்பது பாடத்தில் கிடையாது.

கல்லூரியில் கேட்பதுதான் பாடமே. இந்தப் பாத்திரம் ஏன் இப்போது எழுந்திருக்கிறது? ஏன் ஜன்னல் பக்கம் போகிறது? இதனால் கிடைத்தது பெரிது. நஷ்டமும் உண்டு, மறைப்பானேன். எம்.ஏ. முடித்த எங்களில் ஒருவருக்கும் ஒரு முழு நாடகம் மனப்பாடமாக இல்லை. ஸ்பெஷல் நாடகத்துக்குப் போகிற ஒரு பபூனை இப்போது எழுப்பினால் ‘வள்ளி திருமணம்’ மொத்தத்தையும் விடிய விடியச் சொல்லுவார், எதிரே வருகிறவரின் பாட்டையும் சேர்த்து.

“சரி சார், அதெல்லாம் இருக்கட்டும். படிச்சா என்ன வேலை?”

இந்த இடத்தில்தான் எனக்கும் குரல் இறங்கியது. நம் அரசுப் பள்ளிகளில் ஓவியத்துக்கு ஆசிரியர் உண்டு, இசைக்கு உண்டு, தையலுக்கு உண்டு. நாடகத்துக்கு அப்படியொரு பணியிடம் இல்லை. ஆண்டு விழாவுக்கு ஆறு நாள் முன்னால் தமிழ் ஐயாவைக் கூப்பிட்டு ‘ஏதாவது ஒரு நாடகம்’ போடச் சொல்வதோடு சரி. கடல் தாண்டிப் பார்த்தால் கதை மாறுகிறது. இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ என்பது உயர்தரப் பரீட்சைக்குரிய பாடம். பாடம் இருப்பதால் ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் வேண்டும் என்பதால் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆள் வரும். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-ல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் எழுதினார். போர்க் காலத்தில் அவருடைய ‘மண் சுமந்த மேனியர்’ ஊர் ஊராகப் போனது. அவ்வளவு நெருக்கடியிலும் அங்கே நாடகம் கால அட்டவணையில் ஒரு பாடவேளையாக இருந்திருக்கிறது. நாம் சுவாமிகளின் பெயரைப் பள்ளிக்கு வைத்தோம். பள்ளிக்கூடத்துக்குள் அவரை விடவில்லை.

என்னோடு படித்த பத்துப் பேரில் மூன்று பேர் சினிமாவில் துணை இயக்குநர்களாகப் போனார்கள். ஒருத்தி சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளியில் நாடகத்தை வைத்தே சொல்லிக் கொடுக்கிறாள். எங்களில் படித்த படிப்பைத் தினமும் பயன்படுத்துகிறவள் அவள்தான். ஒருவன் வங்கியில். மற்றவர்கள் தொண்டு நிறுவனம், எஃப்.எம்., டப்பிங் என்று போனார்கள். கூத்தாடி வீட்டு நண்பன் ஊருக்கே திரும்பிப் போய் ஆடுகிறான், பகலில் விவசாயம்.

இதை உள்ளபடி சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒன்றரை இஞ்ச் பைப் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, “அப்ப என்னதான் சொல்றீங்க?” என்றார்.

மதுரையில் எங்கள் ஒத்திகை தொடங்குகிறது, பையனை இரண்டு வாரம் அனுப்பி வையுங்கள், வேஷம் கிடையாது, கயிறு பிடிக்கிற வேலைதான் என்றேன். வந்திருக்கிறான். வந்த அன்றே படுதாக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டான். இழுத்தால் இறுகுகிற, ஒற்றைச் சுண்டில் அவிழ்கிற முடிச்சு. எங்கே கற்றாய் என்று கேட்டேன். “கடையில, அப்பா போடுவார்” என்றான்.

(திரை விலகும்)