ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பி

எங்கள் தெருவிலுள்ள பிளஸ் டூ மாணவன் ஒருவன் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தான். அவனுடைய தந்தை பழைய ஸ்டீரியோ பெருக்கி ஒன்றும் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளும் வாங்கியிருந்தார். பாட்டில் கீழ்ஸ்தாயி மட்டும் எடுபடவில்லை. "கம்பிதான் காரணம் என்கிறார் சார் கடைக்காரர். எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு கேபிள் இருக்கிறதாம். அப்பா கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம் என்கிறார்" என்றான். எட்டாயிரம் ரூபாய் அந்த வீட்டில் சிறு தொகை அன்று. தாளையும் பென்சிலையும் எடுத்தோம்.

பெருக்கியிலிருந்து பெட்டி 5 மீட்டர் தொலைவில் இருக்கிறது. மின்னோட்டம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். எனவே கம்பியின் நீளம் 10 மீட்டர். (இதை மறப்பவர்கள் கல்லூரியிலும் உண்டு!) தாமிரத்தின் மின்தடை எண் ஏறத்தாழ 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். இதை நீளத்தால் பெருக்கிக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அவன் வீட்டில் போட்டிருந்தது அழைப்பு மணிக்குப் போடும் மெல்லிய கம்பி, பரப்பு 0.2 சதுர மி.மீ. அதன் மின்தடை 0.85 ஓம். மின்சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண 1.5 சதுர மி.மீ. கம்பிக்கோ 0.11 ஓம்தான்.

பெட்டியின் முதுகில் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கும். மெல்லிய கம்பியின் 0.85 ஓம் அதனுடன் தொடரிணைப்பில் நிற்பதால், பெருக்கி தரும் மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. இதனால் ஒலி 0.9 டெசிபெல் குறையும். குமிழைச் சற்றுத் திருப்பினால் ஈடாகிவிடும் என்பீர்கள். ஆனால் 8 ஓம் என்பது பெயரளவு மதிப்பே. உள்ளே சுருளும் காந்தமும் அசையும் கூம்பும் இருப்பதால் மின்னெதிர்ப்பு அதிர்வெண்ணுக்குத் தக்கபடி மாறும். ஓரிடத்தில் 6 ஓமாக இறங்கும். கூம்பின் ஒத்ததிர்வில் 30 ஓம் வரைகூட ஏறும். 6 ஓம் உள்ள இடத்தில் மெல்லிய கம்பி 1.15 டெசிபெல்லைத் தின்கிறது. 30 ஓம் உள்ள இடத்தில் 0.25 டெசிபெல்தான். எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் குறையாததால் குமிழைத் திருப்பிப் பயனில்லை. 1.5 சதுர மி.மீ. கம்பியில் இந்த வேறுபாடு 0.15 டெசிபெல்லுக்கும் குறைவு. காது அதை உணராது.

ஆகவே கம்பியை மாற்றச் சொன்ன கடைக்காரர் பாதி சரி. மீதிப் பாதியை அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் 1983 ஆகஸ்டில் சோதித்து வெளியிட்டது. எந்தக் கம்பி இணைக்கப்பட்டுள்ளது என்று கேட்பவர்களுக்குச் சொல்லாமல் நடத்திய சோதனை அது. மிக மெல்லிய 24 கேஜ் கம்பியை அவர்களால் இனங்காண முடிந்தது. சாதாரண 16 கேஜ் கம்பியையும் விலை மிகுந்த கேபிளையும் ஒலியளவைச் சமப்படுத்தி ஒலிக்கச் செய்தபோது பிரித்தறிய இயலவில்லை. 16 கேஜ் என்பது சுமார் 1.3 சதுர மி.மீ.

வெள்ளிக் கம்பி? அதன் மின்தடை எண் தாமிரத்தைவிட 5 விழுக்காடு அளவே குறைவு. தாமிரக் கம்பியைத் துளி தடிமனாக வாங்கினால் அதே பயன் கிடைத்துவிடும். ஆக்சிஜன் நீக்கிய தாமிரத்திலோ வேறுபாடு 1 விழுக்காட்டளவே.

இங்கே பையன் ஒரு கேள்வி கேட்டான். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. "ஒத்ததிர்வு எங்கே சார் வரும்?" பெரும்பாலும் கீழ்ஸ்தாயியில்தான், 50 அல்லது 80 ஹெர்ட்ஸ் போல. "அங்கேதானே கம்பி குறைவாகத் தின்கிறது? அப்படியானால் எங்கள் வீட்டில் கீழ்ஸ்தாயி ஏன் குறைகிறது?"

உடனே அவன் வீட்டுக்குப் போனோம். பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தால், இடப்புறப் பெட்டியில் சிவப்பு முனையில் வரவேண்டிய கம்பி கறுப்பில் இருந்தது. ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். பெட்டிகளுக்கு இடையேயோ 2 மீட்டர்தான். எனவே அத்தகைய அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். 5,000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 7 செ.மீ.; காது சற்று நகர்ந்தாலே ஓரிடத்தில் அழிவும் மற்றோரிடத்தில் கூடுதலும் மாறி மாறி வருமாதலால் ஒட்டுமொத்தமாகக் குறைந்தது தெரியாது.

முனைகளை மாற்றி, செம்பு பளிச்சிடும்வரை நுனிகளைச் சுரண்டி இறுக்கினோம். மறுநாள் அறுநூறு ரூபாய்க்கு 1.5 சதுர மி.மீ. இரட்டைக் கம்பியும் வாங்கிப் போட்டான். மிருதங்கத்தின் இடந்தலை இப்போது என் வீட்டு வாசல்வரை கேட்கிறது.