நிக்கத் தெரியுமா சார்?

கராத்தே என்றால் செங்கல் உடைப்பது என்று நினைத்துத்தான் போனேன்.

துறையூரில் ஒரு பள்ளிக்கூட மைதானம். காலை ஐந்தரை மணி. என்னைத் தவிர எல்லோரும் நாலாவது, ஐந்தாவது படிக்கிற வாண்டுகள். எனக்கு வயசு 33. ஆபீஸ் நாற்காலி உபயத்தில் சின்னதாக ஒரு தொப்பை வேறு!

மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி: "சார், உங்களுக்கு நிக்கத் தெரியுமா?"

"என்ன மாஸ்டர், வருஷக்கணக்கா நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அப்படியா?" என்றவர், என் தோளில் ஒரே ஒரு விரலை வைத்துத் தள்ளினார். இரண்டடி பின்னால் போய் விழுந்தேன். வாண்டுகள் கொல்லென்று சிரித்தன.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாசம் முன்னால் திருச்சி போகும் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் மேல் விழுந்தேன். அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு அவர், "பரவால்ல தம்பி" என்றது இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் இரண்டு மாசம் ஒரு குத்துகூடக் கிடையாது. நிற்பதுதான் பாடம்!

ஷோடோகான் பாணியில் 'ஸென்குட்சு டாச்சி' என்று ஒன்று. முன்காலை நீளமாக எடுத்து வைத்து மடக்க வேண்டும், பின்கால் விறைப்பாக. உடம்புப் பாரத்தில் சுமார் 60 சதவிகிதம் முன்காலில். இரண்டு பாதத்தையும் கயிற்றின்மேல் நடப்பதுபோல் ஒரே கோட்டில் வைத்தால் போச்சு, பக்கவாட்டில் தொட்டாலே சாய்வோம். நடுவே இடுப்பு அகலத்துக்காவது இடைவெளி வேண்டும். 'கோகுட்சு டாச்சி' இதற்கு நேர் எதிர். பின்காலில் 70 சதவிகிதம்.

'கிபா டாச்சி'தான் ராட்சசன். குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி கால்களை அகட்டி நிற்க வேண்டும். குதிரை மட்டும் இருக்காது! அரை நிமிஷத்தில் தொடை தந்தி அடிக்கும். 'தெக்கி' என்ற மூன்று கட்டாக்கள் முழுக்க இந்த நிலையில்தான். 1922-ல் டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோய்க் காட்டிய ஒகினாவாக்காரர் கிச்சின் ஃபுனாகோஷி, அந்த மூன்றையும் கற்கத் தனக்கே பத்து வருஷம் ஆனதாக எழுதியிருக்கிறார். நான் பத்தே நாளில் சலித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் வலது முழங்காலில் வலி. இரண்டு நாள் மட்டம் போட்டேன். மூன்றாம் நாள் மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"முட்டி உள்பக்கமா சாயுது சார். பாதம் எந்தப் பக்கம் பாக்குதோ, முட்டியும் அந்தப் பக்கமே பாக்கணும். வலிச்சா இவ்வளவு தாழ உக்காராதீங்க. கொஞ்சம் உசரமாவே நில்லுங்க, தப்பில்ல."

பாதத்தைச் சரியாக வைத்து, கொஞ்சம் உயர்ந்து நின்றேன். ஒரு வாரத்தில் வலி போயே போச்சு. இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல், சினிமா பார்த்துத் தாழ உட்காருகிற தம்பிகளை நினைத்தால்தான் பகீரென்கிறது.

போன வாரம் அதே திருச்சி பஸ். உட்கார இடமில்லை. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, கால்களை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி நின்றேன். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் டிரைவர் போட்டாரே ஒரு பிரேக்! பஸ்ஸே முன்னால் சாய்ந்தது. பக்கத்திலிருந்த அம்மா கைக்குழந்தையோடு என்மேல் வந்து மோதினார். நான் அசையவில்லை. அவரும் விழவில்லை.

கண்டக்டர் வந்தார். ஷொட்டு வைப்பார் என்று பார்த்தால்...

"ஏன் சார், குதிரை மேலயா வர்றீங்க? காலைக் கொஞ்சம் ஒடுக்குங்க, நாலு பேர் நிக்கிற இடம்!"