புற்றுநோய் செல்லுக்குப் போர்வை போர்த்தும் தட்டணுக்கள்!

டெங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு பேச்சில் அடிபடும் பெயர், பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டணுக்கள். எண்ணிக்கை குறைந்தால் எல்லோரும் பதறுவார்கள். காயத்தை அடைத்து உயிர்காக்கும் இதே தட்டணுக்கள், புற்றுநோய் விஷயத்தில் எதிரிக்கும் துணைபோகின்றன.

கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் கலக்கும் புற்றுநோய் செல்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. ரத்த ஓட்டத்தின் வேகத்தில் சிதையும். நோய் எதிர்ப்பு செல்களிடம் சிக்கும். சில செல்களின் மீது மட்டும் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு போர்வைபோல் மூடிவிடுகின்றன. உள்ளே ஒளிந்திருப்பதை எதிர்ப்பு செல்களால் எளிதில் அடையாளம் காண முடிவதில்லை. போதாக்குறைக்கு, தட்டணுக்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள், ரத்தக் குழாயைத் தாண்டி நுரையீரல், கல்லீரல் என்று குடியேறும் தெம்பையும் தருகின்றன. தட்டணுக்களைக் குறைத்தால் பரவலும் குறைவதை 1968-லேயே எலிகளிடம் கண்டார்கள்.

அப்படியானால், தட்டணுக்களை அடக்கும் ஆஸ்பிரின் உதவுமா? ஸ்வீடன் உள்ளிட்ட நான்கு நாடுகளில் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, குறிப்பிட்ட மரபணு மாற்றமும் இருந்தவர்களுக்குத் தினமும் 160 மில்லிகிராம் கொடுத்தார்கள். மூன்றாண்டுகளில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியானது. ஆனால், மார்பகப் புற்றுநோயில் 2024-ல் வந்த ஆய்வு அந்தப் பலனைக் காட்டவில்லை. கீமோவால் தட்டணுக்கள் குறைந்திருப்பவருக்கோ இந்த மாத்திரை ரத்தக்கசிவையே உண்டாக்கலாம். டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 4.5 லட்சத்தைத் தாண்டியிருந்தால் உடனே புற்றுநோயோ என்று பயப்பட வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவு, கிருமித்தொற்று போன்ற காரணங்களே அதிகம். மறுபரிசோதனையிலும் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.