கிரிவலத்துக்குக் கால் தயாரா?

"இந்தப் பௌர்ணமிக்கு நானும் மலை சுத்த வரேன்!"

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மாதம் தவறாமல் ஏதாவது ஒரு வீட்டில் இந்தக் குரல் எழும். உடனே பாட்டி கேட்பார்: "பதினாலு கிலோமீட்டருடா கண்ணு, உன் கால் தாங்குமா?"

பாட்டி கேட்டது நல்ல அறிவியல் கேள்வி. செஞ்சி ரோட்டில் மேற்கே பஸ் ஏறினால் திருவண்ணாமலை வந்துவிடும். ஆனால் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் நடந்துதான் கடக்க வேண்டும். அதுவும் வழக்கப்படி வெறுங்காலில். பழக்கமில்லாத கால் இன்றைக்கே கிளம்பினால் திணறும். ஐந்து வாரம் பழக்கினால் தாங்கும். ஏன் ஐந்து வாரம்? உங்கள் உடம்புக்குள்ளே கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

எத்தனை காலடி?

வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து இயல்பாகப் பத்துக் காலடி நடந்து, நின்ற இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். டேப் வைத்து அளந்தால் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 6 மீட்டரை ஒட்டி வரும். அப்படியானால் ஒரு காலடி 60 சென்டிமீட்டர். 14,000 மீட்டரை 0.6-ஆல் வகுங்கள்: 23,333 காலடி!

அதாவது ஒவ்வொரு பாதமும் 11,600 தடவைக்கு மேல் தரையில் ஊன்ற வேண்டும். ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் உடல் எடை மொத்தத்தையும் அந்த ஒரு பாதமே சுமக்கிறது. இதற்காகத்தான் பாதத்தில் 26 எலும்புகள் வளைவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எடை ஏறும்போது அந்த வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். காலைத் தூக்கும்போது நிமிர்ந்து உங்களை முன்னே உந்தும்.

தோல் கேட்கும் அவகாசம்

நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு முதல் எதிரி கொப்புளம். சூடுபட்டுத்தான் கொப்புளிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சூடும் ஒரு காரணம்தான். ஆனால் நடையில் வரும் கொப்புளம் பெரும்பாலும் உராய்வால் வருவது. உள்ளே எலும்பு முன்னே நகரும். வெளியே தோல் தரையைப் பற்றிக்கொண்டு நிற்கும். நடுவில் இருக்கும் அடுக்குகள் ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு, கடைசியில் உள்ளுக்குள்ளேயே கிழிந்துவிடும். அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரமான தோலில் உராய்வு இன்னும் அதிகம். அதனால் காலைக் கழுவினால் துடைத்துவிட்டு நடங்கள். கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காதீர்கள். மேல்தோல்தான் அதற்கு மூடி.

இப்போது, வயலில் வெறுங்காலோடு வேலை செய்யும் ஒரு தாத்தாவின் குதிகாலைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாகக் காய்ப்பு ஏறியிருக்கும். கெரட்டின் என்ற புரதம் நிறைந்த செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்ததுதான் காய்ப்பு. 'இவ்வளவு தடித்த தோலுக்கு உணர்ச்சி குறைவாகத்தான் இருக்கும்' என்று தோன்றுகிறதா? கென்யாவில் வெறுங்காலில் நடப்பவர்களைச் சோதித்து, 2019-இல் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள்: காய்ப்பு பாதத்தைக் காக்கிறது, தரையை உணரும் திறனைக் குறைப்பதில்லை!

தோலின் அடியில் பிறக்கும் புதுச் செல் மேற்பரப்புக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஐந்து வாரக் கணக்கு வந்தது இப்படித்தான். முதலில் ஏரிக்கரை மண்பாதையில் கொஞ்ச தூரம் வெறுங்காலில் நடந்து பழகுங்கள்; பிறகு தார்ச்சாலை. பெரியவர்களுக்கு ஒரு சேதி: சர்க்கரை நோய் உள்ள சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், காயம் பட்டாலும் தெரியாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெறுங்காலில் நடக்கக் கூடாது.

மறுநாள் ஏன் வலிக்கிறது?

நிறைய நடந்த மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் கடுக்கும். லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் என்று இன்னும் பலர் சொல்வார்கள். ஆனால் உழைப்பில் உண்டாகும் லாக்டேட், ஓய்ந்து உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து பெருமளவு போய்விடும். மறுநாள் கடுப்புக்குக் காரணம், தசை நார்களில் விழும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய நடக்கும் வேலையும்தான். சரியான பிறகு தசை முன்பைவிட உறுதியாகும்.

பழுது பார்க்கும் வேலை பெரும்பாலும் ஓய்வில்தான் நடக்கிறது. ஆகவே ஒருநாள் நடந்தால் மறுநாள் ஓய்வு. முதல் வாரம் ஒரு நடைக்கு 2 கிலோமீட்டர், அப்புறம் 4, 6, 8, 10 என்று வாரா வாரம் ஏற்றுங்கள். வாரங்கள் போகப் போக, தசைக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகும். ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் கூடும். 10 கிலோமீட்டர் சிரமமில்லாமல் வந்துவிட்டால் 14-ம் வரும்.

வியர்வையும் பழகும்

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். அந்த வெப்பம் 8 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும்! வழிந்து சொட்டும் வியர்வையால் இந்தப் பலன் இல்லை. தோலிலேயே ஆவியாக வேண்டும். காற்றோட்டமுள்ள மெல்லிய பருத்திச் சட்டை போடச் சொல்வது இதனால்தான்.

பத்துப் பதினாலு நாள் வெக்கையில் நடந்து பழகினால் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும். அதில் வெளியேறும் உப்பும் குறையும். ஆனால் பிள்ளைகளே, பெரியவர்களைவிட உங்களுக்கு வியர்ப்பது குறைவு. வெளிவெப்பமும் உங்களைச் சீக்கிரம் தாக்கும். உச்சி வெயிலில் பயிற்சி வேண்டாம். விடிகாலையோ பொழுது சாயும் நேரமோ போதும்.

தண்ணீர், உப்பு, மல்லாட்டை

தாகத்துக்கு வெறும் தண்ணீரே நல்லது; அவ்வப்போது இரண்டு மடக்கு குடியுங்கள். நிறைய வியர்த்தால் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ சேர்த்துக்கொள்ளலாம். வாந்தி, பேதி என்றால்தான் உப்பு-சர்க்கரைக் கரைசல் தேவை: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக நுழையும் வாசல்கள் உண்டு. அவை நுழைந்தால் தண்ணீரும் பின்னாலேயே போகும். 1971-இல் மேற்கு வங்க எல்லையோர அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இப்படிப்பட்ட கரைசலைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

சாப்பாடு? 40 கிலோ எடையுள்ள பிள்ளை 14 கிலோமீட்டர் நடக்க ஏறக்குறைய 400 கிலோகலோரி செலவாகும். நம்ம ஊர் மல்லாட்டை 100 கிராமிலேயே 560-க்கு மேல் இருக்கிறது. வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டையில் வெல்லம் உடனே ஆற்றல் தரும்; கொட்டையின் கொழுப்பு மெதுவாகத் தரும். பையில் நாலு உருண்டை இருந்தால் போதும்.

நாள் வந்தாச்சு!

பௌர்ணமியன்று பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், எதிர்ப்பக்கம் நிலா. அதனால் சூரியன் மறையும் வேளையை ஒட்டி நிலா எழுந்து இரவு முழுக்க வானில் இருக்கும். வெயில் இல்லை, வெளிச்சம் உண்டு. இருந்தாலும் பகலில் வாங்கிய சூட்டைத் தார்ச்சாலை இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டிருக்கும். புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ணுங்கள். அதுவரை கை தாங்கவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

வழி தப்புமோ என்ற பயமே வேண்டாம். மலை எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அஷ்டலிங்கங்களோ எட்டுத் திசைகளையும் காட்டிவிடும்: கிழக்கே இந்திரலிங்கம், தெற்கே எமலிங்கம், மேற்கே வருணலிங்கம், வடக்கே குபேரலிங்கம், இடையிடையே அக்னி, நிருதி, வாயு, ஈசான்யம். எமலிங்கம் தாண்டி நிருதிலிங்கம் வந்தால் தென்மேற்கு மூலைக்கு வந்துவிட்டீர்கள்! கூட்டத்தில் பெரியவர் கையை விடாதீர்கள். வீட்டுப் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: தேதி, நின்றவுடன் நாடித்துடிப்பு, இரண்டு நிமிடம் கழித்து நாடித்துடிப்பு. ஐந்து வாரமும், வாரம் ஒருமுறை, அதே 2 கிலோமீட்டரை அதே வேகத்தில் நடந்து குறியுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு வரும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அந்த வித்தியாசம் வாரா வாரம் கூடினால், உங்கள் இதயம் நடைக்குப் பழகிவருகிறது என்று பொருள். கூடவில்லையா? அடுத்த வாரம் தூரத்தை ஏற்றாமல், நடந்த தூரத்தையே இன்னொரு வாரம் நடங்கள்.