மிரளும் குதிரையின் பரீட்சை

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

குதிரைப் போட்டி என்றதும் நம்மில் பலருக்கு ஓட்டப் பந்தயம்தான் நினைவுக்கு வரும். எந்தக் குதிரை முதலில் வந்தது என்பதே அங்கே கேள்வி. ஒலிம்பிக்கில் வேறொரு வகைக் குதிரைப் போட்டி இருக்கிறது. அதில் யாரும் யாரையும் முந்துவதில்லை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு குதிரைதான் களத்தில் இருக்கும். பயிற்சி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் அதை டிரெஸ்ஸாஜ் என்கிறார்கள். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய அணி இதில் தங்கப் பதக்கம் பெற்றது. அணியிலிருந்த நால்வரில் திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய இருவர் பெண்கள். அந்தச் செய்தியைப் படித்த பின்புதான் இந்த ஆட்டத்தைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க, பதக்கத்தைவிட ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பயந்த சுபாவமுள்ள குதிரையை எப்படி இதற்குத் தயார் செய்கிறார்கள்?

முதலில் களத்தைப் பார்த்துவிடுவோம். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணல் தரை. தொடக்க நிலைப் போட்டிகளுக்கு 40 மீட்டர் நீளமே போதும். சுற்றிலும் முழங்கால் உயரம்கூட இல்லாத வெள்ளைப் பலகை வேலி. வேலியோரம் ஆங்கில எழுத்துகள் நிறுத்தப்பட்டிருக்கும். எந்த எழுத்தின் அருகே வட்டமடிக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே நடையை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே அச்சிட்டுத் தரப்படும். வினாத்தாள் முன்பே தெரிந்த பரீட்சை! நான்கு தாளத்தில் வாக், இரண்டு தாளத்தில் ட்ராட், மூன்று தாளத்தில் கேன்டர் என மூன்று நடைகள். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார். கடைசியில் அதை விழுக்காடாக மாற்றுவார்கள். நம் பரீட்சையில் 70 விழுக்காடு வாங்கினால் வீட்டில் விசாரணை நடக்கும். இங்கே 70 வாங்கினால் அது மிக நல்ல குதிரை. இங்கிலாந்தின் சார்லட் டுஜார்டின் வேலெக்ரோ என்ற குதிரையில் ஏறி, இசைக்கு ஏற்ப ஆடும் பிரிவில் 2014-இல் 94.3 விழுக்காடு பெற்று உலகையே வியக்க வைத்தார்.

வினாத்தாள் முன்பே தெரியும் என்றால் கஷ்டம் எங்கே இருக்கிறது? குதிரையின் மனத்தில்தான். கட்டளைப்படி வட்டமடித்தால் மட்டும் போதாது. அமைதியாக, விருப்பத்தோடு செய்வதாகத் தோன்ற வேண்டும். உள்ளுக்குள் பதற்றம் இருந்தால் முதுகு விறைக்கும், அடி குறுகும், வால் சுழலும், பல் நறநறக்கும். நடுவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பார்கள். குதிரைக்கு இருட்டுக்கூடத் தேவையில்லை. வேலியோரம் அழகுக்கு வைத்த பூந்தொட்டி போதும். சிறிய போட்டிகளில் நடுவர் களத்தின் கோடியில் ஒரு காருக்குள் உட்கார்ந்திருப்பார். அந்தக் காரின் கண்ணாடி பளிச்சென்று மின்னினாலும் போதும். இதைக் குதிரையின் முட்டாள்தனம் என்று சொல்வது நியாயமாகாது. புல்வெளியில் மேய்ந்து, வேட்டை விலங்குகளிடமிருந்து ஓடித் தப்பித்தே பிழைத்து வந்த இனம் அது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அது பார்க்கிறது. நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்குப் பின்னாலும் மட்டும் சிறிது தெரியாத இடம் உண்டு. “முதலில் ஓடு, பிறகு யோசி” என்பதே அதற்கு இயற்கை கற்றுத் தந்த பாடம். நாமோ அதை ஓடாமல், முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டு, பூந்தொட்டிக்குப் பக்கத்திலேயே அழகாக நடக்கச் சொல்கிறோம்.

இனி அதைத் தயார் செய்கிறவர்களைப் பற்றி. இங்கிலாந்தில் இந்தப் போட்டிக்கு வருகிறவர்கள் எல்லாரும் செல்வந்தர்கள் அல்லர். பலர் சொந்தமாக லாயம் நடத்துகிறவர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். பிறருடைய குதிரைகளை மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பராமரிப்பதும், குதிரையேற்றம் சொல்லிக் கொடுப்பதும் அவர்கள் பிழைப்பு. நடுக் குளிர்காலத்தில் காலை 8 மணி வரை சூரியன் எழாத நாடு அது. விளக்கு வெளிச்சத்திலேயே தீவனம் வைத்து, வைக்கோல் மெத்தையைக் கிளறிச் சாணம் அள்ளி, வாளிகளை நிரப்ப வேண்டும். ஒரு குதிரை ஒரு நாளில் 20 கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். 10 குதிரைகள் இருந்தால் எத்தனை தள்ளுவண்டி, எத்தனை வாளி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவே லாடம் அடிப்பவர் வருவார், கால்நடை மருத்துவர் வருவார், குதிரைச் சொந்தக்காரர் தொலைபேசியில் அழைப்பார். இத்தனைக்கும் பிறகு தன்னுடைய குதிரைக்கென்று கிடைப்பது அரை மணி நேரமோ நாற்பது நிமிடமோதான்.

சிக்கல் இங்கேதான். மிரளும் குதிரைக்கு வேண்டியது நேரம். லாயம் நடத்துபவரிடம் இல்லாததும் அதுவே. அவசரத்தோடு சேணத்தில் ஏறினால் அந்த அவசரம் குதிரைக்கும் தொற்றிக்கொள்ளும். இது வெறும் பேச்சன்று. 2009-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சிலரைக் குதிரையைப் பிடித்துக்கொண்டோ ஏறிக்கொண்டோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான்கு முறை போகச் சொன்னார்கள். நான்காம் முறை, “இப்போது குதிரைக்கு எதிரே ஒரு குடை விரிக்கப்படும்” என்று எச்சரித்தார்கள். உண்மையில் குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது. ஒன்றும் அறியாத குதிரையின் துடிப்பும் கூடவே ஏறியது! மேலே இருப்பவரின் பயம் எப்படியோ கீழே இறங்கிவிடுகிறது.

அப்படியானால் நேரமில்லாதவர் என்ன செய்வது? நேரத்துக்குப் பதிலாக ஒழுங்கைக் கொடுக்கிறார்கள். நம் விடுதி மணியைப் போல, தீவனம் ஒரே நேரத்தில், வெளியே விடுவது ஒரே நேரத்தில், சவாரி ஒரே நேரத்தில். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த குதிரைக்குப் பாதி அச்சம் குறைந்துவிடும். தீவனத்திலும் கவனம் வேண்டும். குதிரையின் வயிறு அதன் உடலைப் பார்க்கையில் மிகச் சிறியது; அதில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் தானியத்தைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டுகிறார்கள். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 10 கிலோ உலர்புல் என்பது பொதுவான கணக்கு. வெறும் வயிற்றில் நெடுநேரம் நின்றால் குடற்புண் வரும். வலி வந்தால் மிரட்சியும் வரும். ஆகவே குதிரை திடீரென்று முரண்டு பிடித்தால் நல்ல லாயக்காரர் முதலில் வயிற்றையும் பல்லையும் முதுகையும் சேணத்தையும்தான் சோதிப்பார்.

அடுத்தது புல்வெளி. விலை உயர்ந்த குதிரைகளைக் காயம்பட்டுவிடுமே என்று நாள் முழுவதும் அறையிலேயே கட்டிவைப்போர் உண்டு. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் லாயம் வைத்திருக்கும் கார்ல் ஹெஸ்டர் அப்படிச் செய்வதில்லை. மோட்டார் கார்களே இல்லாத சார்க் என்ற சிறு தீவில் வளர்ந்தவர் அவர். 1992 முதல் ஏழு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர். டுஜார்டினை உருவாக்கிய ஆசானும் அவரே. ஒலிம்பிக் குதிரையானாலும் தினமும் வயலில் மேய வேண்டும், களத்தைவிட்டு வெளிப் பாதைகளிலும் உலாவ வேண்டும் என்பது அவர் வழக்கம். அவரிடம் நிப் டக் என்றொரு நெட்டைக் குதிரை இருந்தது. மிரட்சிக்குப் பேர் போனது. அதில் ஏறித்தான் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்கு வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தருவதில் பங்கெடுத்தார். மிரளும் குதிரை என்று ஒதுக்கியிருந்தால் அது இன்னொருவர் கைக்கும், அங்கிருந்து மற்றொருவர் கைக்கும் விற்கப்பட்டிருக்கும். பல பயந்த குதிரைகளின் கதை அப்படித்தான் ஆகிறது. புதிய கை, புதிய இடம், மேலும் பயம்.

லாயத்தின் சந்தடியே ஒரு பள்ளிக்கூடம் என்பதும் எனக்குப் புதிதாகத் தெரிந்த செய்தி. டிராக்டர் உறுமும், தகர வாளி உருளும், நாய் குறுக்கே ஓடும், தார்ப்பாய் காற்றில் படபடக்கும். இவற்றிலிருந்து குதிரையை ஒளித்து வைக்காமல், தூரத்திலிருந்து சிறிது சிறிதாகக் காட்டுகிறார்கள். அது நின்று பார்க்கட்டும். தலையைத் தாழ்த்தி மூச்சை உஸ்ஸென்று விடட்டும். பிறகு ஓர் அடி முன்னே. பயம் கூடுமுன் திரும்பி வந்துவிட வேண்டும். பழைய பூந்தொட்டிகளைப் பயிற்சிக் களத்தோரம் வைத்து, தினமும் இடம் மாற்றுவார்கள். மிரளாத கிழட்டுக் குதிரை ஒன்றை முன்னே நடக்கவிட்டால் பின்னால் வரும் குட்டிக்காரியும் நடந்துவிடுவாள். நமக்கு அக்காமார் வழிகாட்டுவது போலத்தான்.

சவாரியிலும் ஓர் உபாயம் உண்டு. பயமுறுத்தும் பொருளை நேருக்கு நேர் பார்க்க வைத்து உதைப்பதற்குப் பதிலாக, தலையைச் சற்றே எதிர்ப்பக்கம் திருப்பி, தோளை உட்புறம் சாய்த்து நடத்துவார்கள். இதை ஷோல்டர் இன் என்கிறார்கள். பிரான்சின் குதிரை ஆசான் கெரினியேர் 1733-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கிய பயிற்சி அது. குதிரையின் கவனம் தன் கால்களை எங்கே வைப்பது என்பதில் போய்விடுவதால் பூந்தொட்டி மறந்துவிடும்.

இதில் மிகக் கடினமான விதி ஒன்று இருக்கிறது. போட்டிக் களத்தில் குதிரையோடு பேசக் கூடாது. பேசினால் மதிப்பெண் குறையும். “ஒன்றுமில்லை, பயப்படாதே” என்று வீட்டில் சொல்லிப் பழக்கிய வார்த்தை அங்கே உதவாது. உட்காரும் விதம், மூச்சு, லகானைப் பிடித்த விரல்கள் ஆகியவையே பேச வேண்டும். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டலை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1944-இல் இளம்பிள்ளை வாதம் தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். பெண்கள் முதன்முதலாக இந்தப் போட்டியில் அனுமதிக்கப்பட்ட 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஜூபிலி என்ற தம் குதிரையில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. கால்களால் ஆணையிட முடியாதவரின் உடல் எடை அசைவையே ஜூபிலி புரிந்துகொண்டது.

ஆனால் எல்லாரும் இத்தனை நாள் காத்திருப்பார்களா? லாயம் நடத்துபவருக்குப் போட்டி மதிப்பெண்தான் விளம்பரம். வெற்றி வந்தால் மாணவர் வருவர், புதிய குதிரைகள் வரும். அந்த நெருக்கடியில் கை சவுக்கைத் தேடும். மேலே சொன்ன டுஜார்டினே, பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களை நீண்ட சவுக்கால் மீண்டும் மீண்டும் அடிக்கும் பழைய காணொளி 2024 ஜூலையில் வெளிவந்தபோது, பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலக நேர்ந்தது. சர்வதேச சம்மேளனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. தாம் செய்தது தவறு என்று அவரும் ஒப்புக்கொண்டார். உலகமே பாராட்டிய கைக்கும் இது நேர்ந்தது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் ஜெனஃபன் குதிரை வளர்ப்பைப் பற்றி எழுதியபோது, கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்றும், மிரளும் குதிரையை அடித்தால் அந்தப் பொருளைக் கண்டு அது இன்னும் அதிகமாகவே பயப்படும் என்றும் எச்சரித்திருக்கிறார். அடி வாங்கிய குதிரைக்குப் பூந்தொட்டியும் வலியும் ஒன்றாகிவிடுகின்றன அல்லவா?

போட்டி நாளுக்கும் ஒத்திகை உண்டு. வண்டியில் ஏற்றி இறக்கிப் பழக்குவார்கள். போட்டியில் சேராமலே மைதானத்துக்குக் கூட்டிப்போய், சுற்றிக் காட்டி, உலர்புல் தின்னவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். போட்டியன்று பிடரி மயிரைப் பின்னி முடிச்சிடுவது வழக்கம். நமக்கு இரட்டைப் பின்னல் போடவே காலையில் வீடு அமளிதுமளிப்படுகிறது. அங்கே பத்துப் பதினைந்து பின்னல்! புத்திசாலிக் குதிரைகள் பின்னல் தொடங்கியதுமே “இன்று போட்டி” என்று கண்டுபிடித்துப் பதறத் தொடங்கிவிடுமாம். அதனால் சாதாரண நாள்களிலும் இடையிடையே பின்னிவிட்டு, ஒன்றுமே நடவாதது போல மேயவிடுவார்கள்.

களத்தில் எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருக்கையில் குதிரை ஒரு மூலையில் துள்ளி விலகினால்? அந்த அசைவுக்கு மதிப்பெண் போகும். நான்கு கால்களும் வேலியைத் தாண்டினால் போட்டியே முடிந்தது. ஆனால் உள்ளேயே இருந்தால் அடுத்த எழுத்தில் புதிய மதிப்பெண் காத்திருக்கிறது. நல்ல சவாரிக்காரர் திட்டுவதற்கு ஒரு நொடியும் செலவிடாமல் அடுத்த வட்டத்தைத் தொடங்கிவிடுவார்.

முடிவில் நடுவர் எழுதிய தாள் கைக்கு வரும். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் “விறைப்பு”, “இப்போது அமைதி” என்பது போல் ஓரிரு சொல் இருக்கும். லாயம் நடத்தும் பெண்மணிக்கு அதை நிதானமாகப் படிக்க உடனே நேரம் கிடைப்பதில்லை. வீடு திரும்பிப் பின்னல்களை அவிழ்த்து, குதிரையை வயலில் விட்டு, மற்ற குதிரைகளுக்கு மாலைத் தீவனம் வைத்து, வாளிகளை நிரப்பிய பிறகே அந்தத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பார்.