பிரஷ் தொடாத இடுக்குகள்

கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ஐந்து பக்கங்கள். கன்னத்தைப் பார்த்த பக்கம், நாக்கைப் பார்த்த பக்கம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றையும் பிரஷ் பார்த்துக்கொள்ளும். பக்கத்துப் பற்களை ஒட்டி நிற்கும் மற்ற இரண்டையும் எவ்வளவு தேய்த்தாலும் அது எட்டாது.

அங்கே பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. பிளேக் எனப்படும் இந்தப் படலம் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும், ஈறுகளை வீங்கவைக்கும். அப்படியே விட்டால் எச்சிலிலுள்ள கால்சியம் சேர்ந்து காரையாக இறுகிவிடும். பிறகு பல் மருத்துவர் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இறுகும் முன்பே படலத்தை வழித்தெடுப்பதுதான் ஃபிளாஸ் என்னும் நூலின் வேலை.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பல் மருத்துவர் லீவை ஸ்பியர் பார்ம்லி, மெழுகு பூசிய பட்டு நூலால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும்படி 1819-இல் வெளியான தம் புத்தகத்தில் எழுதினார். பட்டின் இடத்தை 1940-களில் நைலான் பிடித்தது.

நூல் வாங்கினால் போதாது, பிடிக்கும் விதம் முக்கியம். சுமார் 45 செ.மீ. நீளம் வெட்டி, பெரும்பகுதியை ஒரு கையின் நடுவிரலிலும் மீதியை மறுகையின் நடுவிரலிலும் சுற்ற வேண்டும். கட்டைவிரல்களாலும் ஆள்காட்டி விரல்களாலும் மூன்று, நான்கு செ.மீ. நூலை விறைப்பாகப் பிடித்து, ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபடி இடுக்கில் இறக்க வேண்டும். வெடுக்கென்று அழுத்தினால் ஈறு கிழியும்.

பலரும் நூலை உள்ளே விட்டதும் உருவிவிடுகிறார்கள். சிக்கிய உணவுத் துணுக்கு வந்துவிடும். படலம் அப்படியே இருக்கும். உள்ளே போன நூலை ஒரு பல்லின் மேல் பிறை வடிவில் அணைத்து வளைக்க வேண்டும். ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை மெதுவாகச் செலுத்தி, பல்லை ஒட்டியே மேலும் கீழுமாகச் சில முறை தேய்க்க வேண்டும். பிறகு அதே இடுக்கில் எதிர்ப்புறம் வளைத்து அடுத்த பல்லைத் தேய்க்க வேண்டும். ஒவ்வோர் இடுக்குக்கும் நூலின் புதிய பகுதி வேண்டும். கடைசிப் பல்லின் பின்புறத்தையும் விட்டுவிடக் கூடாது.

தினமும் ஒருமுறை செய்தால் போதும். பல் துலக்குவதற்கு முன்போ பின்போ செய்யலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் சில நாள்கள் ரத்தம் கசியக்கூடும். வீங்கிய ஈறு அப்படித்தான். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வாரம் கடந்தும் கசிந்தால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இடுக்கு அகலமாக உள்ளவர்களுக்கு நூலைவிடப் பல்லிடைப் பிரஷ் பொருத்தமாக இருக்கும். பல்லில் கம்பி கட்டியவர்களுக்கும் பிரிட்ஜ் வைத்தவர்களுக்கும் முனை விறைத்த தனி நூல் கிடைக்கிறது. கம்பிக்கு அடியில் அதை எளிதாக நுழைத்து எடுக்கலாம்.