ஒன்பதாம் நாள் பூக்கும் புறா மலர்

வெயில் கொளுத்தும் பிற்பகலில் திடீரென்று பெருமழை கொட்டுகிறது. காற்று சில்லிட்டுப் போகிறது. மறுநாள் மரமெல்லாம் ஈரம். பால் வெட்டு இல்லை. அந்த மழையை நாம் இரண்டொரு நாளில் மறந்துவிடுகிறோம். ஆனால் சாலையோரத்துப் பெரிய மரங்களின் கிளைகளில் வாழும் ஒரு செடி அதை மறப்பதில்லை. ஒன்பதாம் நாள் விடியும்போது அது வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். வட்டாரத்தில் உள்ள அந்த இனச் செடிகள் எல்லாமே அன்று பூத்திருக்கும். மாலைக்குள் பூக்கள் வாடிவிடும்.

இதுவே புறா ஆர்க்கிட். பக்கவாட்டில் பார்த்தால் பூ, பறக்கும் புறாவைப் போலத் தோன்றும். மலாய்க்காரர்களும் இதை 'அங்கெரிக் மெர்பாத்தி' என்கிறார்கள். மெர்பாத்தி என்றால் புறா. சுவார்ட்ஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1799ஆம் ஆண்டில் இதற்கு 'டென்ட்ரோபியம் குருமெனாட்டம்' என்று பெயரிட்டார். டென்ட்ரோபியம் என்பதற்கு மரத்தில் வாழ்வது என்று பொருள்.

மரத்தில் வாழ்வதால் இதைப் புல்லுருவி என்று எண்ணிச் சுரண்டி எறிபவர்கள் உண்டு. அது தவறு. புல்லுருவி தன் வேரை மரத்துக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். புறா ஆர்க்கிட்டோ பட்டையைப் பற்றிக்கொள்வதோடு சரி. இதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழை நீரையும், பட்டையில் வழிந்து வரும் சத்தையும் அந்த உறை பிடித்துக்கொள்கிறது. பருத்த தண்டுகள் நீரைச் சேமித்து வைக்கின்றன.

அது சரி, ஒன்பது நாள் கணக்கு எப்படி வந்தது? இதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்து, அப்படியே உறங்கிக் கிடக்கும். மழையால் வெப்பம் சட்டென்று 5 பாகை செல்சியஸ் அளவு குறைந்தால், அவை விழித்துக்கொண்டு மீண்டும் வளரும். மலர்வதற்கு ஏறக்குறைய 9 நாள் ஆகும். குளிர்ச்சி எல்லாச் செடிகளுக்கும் ஒரே வேளையில் கிடைப்பதால், எல்லாம் ஒரே நாளில் பூக்கின்றன. தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை வேறொரு செடிக்குக் கொண்டு சேர்க்க இது வாய்ப்பாகிறது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். கம்பங்களில் இதன் இலையை அரைத்துக் கட்டிகளுக்குப் பற்றுப் போடுவது பழைய வழக்கம். தண்டை அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றைக் காதுவலிக்குச் சொட்டு சொட்டாக விடுவதும் உண்டு. நம் வீடுகளில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுகிறோம் அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும். இளஞ்சூடு சற்று நேரம் இதமாக இருக்கும். மருத்துவமனை எட்டாத காலத்தில் பெரியவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு பிள்ளையின் வேதனையைத் தணிக்க முயன்றார்கள். அந்த அக்கறையை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

ஆயினும் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். காதில் சீழ் வடிந்தால், செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கக்கூடும். அப்போது விடும் சாறோ எண்ணெயோ கிருமியையும் அழுக்கையும் உட்காதுப் பக்கம் கொண்டு போகும். கவனிக்காமல் விட்டால் காது கேளாமல் போகலாம். காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்கும் நோய் பரவலாம்.

ஆசிரியர்களாகிய நாங்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் திரும்பிப் பாராத பிள்ளையை 'மந்தம்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல வேளைகளில் மந்தம் அறிவில் இல்லை, செவியில் இருக்கிறது. அதைக் காலத்தோடு கண்டுகொண்டால் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றலாம்.

ஆகவே பிள்ளைக்குக் காதுவலி என்றால், சீழ் வடிந்தால், கூப்பிடுவது சரியாகக் கேட்கவில்லை என்றால், காதில் எதையும் விடாமல் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

புறா மலரை மரத்திலேயே விட்டுவைப்போம். அடுத்த முறை வெயிலுக்கு நடுவே பெருமழை பெய்து குளிர்ந்தால், பிள்ளைகளை நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒன்பதாம் நாள் காலையில் அவர்களே மரத்தடிக்குப் போய்ப் பார்க்கட்டும்.